கல்யாண ஸ்டுடியோவும் எங்கள் குப்பைமேட்டுப் படமும்

எங்கள் நகரில் ஒரு குப்பைமேடு பூங்காவான கதையைப் படமாக எடுக்க ஒரு ஸ்டுடியோவுக்கு 37,000 ரூபாய் கொடுத்தோம். அதே கதையைப் புத்தகமாகப் போட ஒரு டி.டி.பி. கடைக்கு 16,800 ரூபாய். இரண்டுக்கும் ரசீது என் பீரோவில் இருக்கிறது. உங்கள் பகுதியிலும் இப்படி ஏதாவது செய்துவிட்டு, நாலு ஊர்க்காரர்கள் பார்த்துச் செய்யட்டுமே என்று பதிவு பண்ண ஆசைப்பட்டால், காசை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டுடியோ பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்தத் தம்பி பிழைக்க வேண்டியவர், ஏமாற்றுக்காரரும் இல்லை. டி.டி.பி. கடைக்காரரிடம் "கடை பேரைப் போடட்டுமா அண்ணே?" என்று கேட்டேன். "வேணாம்மா, இருக்கிற வேலைக்கே ஆள் இல்ல" என்றார். சரி, அதையும் விட்டுவிட்டேன்.

நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்தவள். பாதிக்கு மேல் கேஷ் கவுண்டர். ஓய்வு பெற்ற மூன்றாவது மாதமே நலச்சங்கத்தின் பொருளாளராக உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் இந்த விமர்சனத்தில் ரூபாய்க் கணக்கு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலூரில் கூத்தப்பாக்கம் பக்கம் எங்கள் நகர், 112 வீடு. மனை பிரித்தபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் 38 சென்ட். வரைபடத்தில் அது பச்சைக் கட்டம். நேரில் இடுப்பு உயரக் குப்பை. நகரிலேயே பள்ளமான இடமும் அதுதான், அதனால் மழை பெய்தால் நாலு தெருத் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். சேர்ந்த தண்ணீர் போக வழியில்லை. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடைசித் தெரு வீடுகளில் முழங்கால் அளவு நின்றது. கட்டில் மேல் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்தவர்கள் உண்டு.

2023 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், ஜே.சி.பி. வைத்து அந்த மேட்டைத் தோண்டினோம். மேலே கேரி பேக், மாத்திரை அட்டை, டயப்பர். ஓரடி கீழே போனதும் உடைந்த ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் துண்டு, முறிந்த வேப்பங்கிளை மக்கி மண்ணான கறுப்புப் பொடி. எல்லாரும் ஒரு நிமிடம் நின்றுவிட்டோம். 2011 டிசம்பர் 30 தானே புயல். அன்று கூரை போனவர்கள் ஓட்டையும் தகரத்தையும் அள்ளிக் கொண்டுவந்து கொட்டிய இடம். குப்பைமேடு தொடங்கியதே அன்றைக்குத்தான். எதிர்வீட்டு அக்கா ஓர் ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க மாட்டுக் கொட்டாய் ஓடுதான்" என்றார். கடலூர்க்காரர்களுக்குத் தானே என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பலா, முந்திரி எல்லாம் படுத்த நாள்.

இந்தக் காட்சி ஸ்டுடியோக்காரர் எடுத்த படத்தில் இல்லை. எப்படி இருக்கும்? அவரைக் கூப்பிட்டதே எல்லாம் முடிந்த பிறகு, 2024 மார்ச்சில். இது எங்கள் தப்பு, அவர் தப்பு இல்லை. படம் எடுக்கலாம் என்ற யோசனையே பூங்காவுக்குக் கம்பி வேலி போட்டு, பெயிண்ட் காய்ந்த பிறகுதான் எங்களுக்கு வந்தது. யாரோ ஒருவர் மொபைலில் இரண்டு வருடமும் எடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்ட படம் எல்லாம் தெளிவு குறைந்து போயிருந்தது. முக்கியமான படங்களை வைத்திருந்த பையன் போனை மாற்றிவிட்டான். பழைய போன் தண்ணீரில் விழுந்ததாம்.

வந்த தம்பி முதலில் கேட்டது: "மேடம், பிஃபோர் ஃபுட்டேஜ் இருக்கா?"

இல்லை என்றோம். யோசித்தார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. ரெண்டு டிராக்டர் குப்பை கொண்டாந்து ஓரமா கொட்டுங்க. லோ ஆங்கிள்ல எடுத்தா மலை மாதிரி காட்டிடலாம். அப்புறம் அள்ளிடலாம்."

61 நடை டிராக்டர் வைத்து அள்ளியிருக்கிறோம். நடைக்கு 700 ரூபாய். 42,700 ரூபாய் செலவு பண்ணி அள்ளியதை, திரும்பக் கொண்டுவந்து கொட்ட வேண்டுமாம். எங்கள் செயலாளர் சிரித்தார். நாலாவது குறுக்குத் தெருப் பெண்கள் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக்கைக் கையால் பிரித்தவர்கள் அவர்கள்தான். "தம்பி, நீ கொட்டு. நீயே அள்ளு. நாங்க வீடியோ எடுக்கிறோம்" என்றார் ஒருவர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஸ்டுடியோவின் வேலை எப்படி? கேமரா வேலை சுத்தம். காலையில் 6 மணிக்குச் சொன்னால் 5:50க்கு வந்து நிற்கிறார். கல்யாண வீட்டுப் பழக்கம், முகூர்த்தத்தைத் தவறவிட முடியாதே. யாரிடமும் எரிந்து விழுவதில்லை. வெயிலில் நிற்கும் பாட்டிக்குக் குடை பிடித்துவிட்டுத்தான் பேட்டி எடுத்தார். இதற்கெல்லாம் முழு மார்க்.

ஆனால் படத்தை எப்படி வெட்டி ஒட்டினார் என்பதில்தான் மனத்தாங்கல். 15 நாளில் தருகிறேன் என்றவர் 52 நாள் ஆக்கினார். நடுவில் வைகாசி முகூர்த்தம் வந்துவிட்டது. கடைசியில் பென்டிரைவில் 14 நிமிடப் படம். சமுதாயக் கூடத்தில் திரை கட்டிப் போட்டோம். நான் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன், பழக்கதோஷம்.

முதல் 2 நிமிடம் 10 வினாடி ட்ரோன். சில்வர் பீச்சில் சூரியன் உதிக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் கோபுரம். கெடிலம் பாலம். எங்கள் நகருக்கும் சில்வர் பீச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஊரைக் காட்டணும்ல மேடம்" என்றார். அந்த ட்ரோனுக்குத் தனியாக 5,000 ரூபாய். அப்புறம் திறப்பு விழா. ரிப்பன் வெட்டுவதை ஸ்லோ மோஷனில் மூன்று கோணத்தில் காட்டுகிறார். தலைவர் பேசுவது 3 நிமிடம் 40 வினாடி. குப்பை பிரித்த பெண்கள் 11 வினாடி, அதுவும் பாட்டுக்கு நடுவில், குரல் இல்லாமல். கடைசியில் பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், மேலிருந்து ரோஜா இதழ் உதிர்கிறது. நிஜமாகத்தான் சொல்கிறேன். கல்யாண ஆல்பத்தில் போடுகிற அதே இதழ். "டெம்ப்ளேட்ல வந்திடுச்சு மேடம், எடுத்திடறேன்" என்றார். எடுத்தும் விட்டார்.

எல்லாரும் கைதட்டினோம். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன். நம் தெருவை மேலிருந்து பார்த்தால் யாருக்குத்தான் கலங்காது?

குறை என்னவென்று புரிந்தது இரண்டு வாரம் கழித்து. முதுநகர் பக்கத்திலிருந்து ஒரு நகர் நலச்சங்கத்தார் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களிடமும் இதே மாதிரி ஓர் இடம், இதே மாதிரி குப்பை. படத்தைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார்கள். அப்புறம் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் சரிம்மா. மனுவை யார் பேருக்கு எழுதினீங்க? மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டினீங்க? காசு தராதவங்களை என்ன பண்ணீங்க?"

14 நிமிடப் படத்தில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை.

பதில் இருந்தது என் டைரியில். தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று கட்ட வேண்டும். எங்கள் வேலைக்கு மதிப்பீடு 9,60,000. எங்கள் பங்கு 3,20,000. வீட்டுக்கு 3,000 என்று வைத்தோம். 93 வீடு கொடுத்தது, 19 வீடு கொடுக்கவில்லை. மீதி 41,000 நன்கொடை. முதலில் கொடுக்காதவர்களில் ஏழு வீடு வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் வெளியூர். நாலு வீடு, "ரோடு போடறேன்னு முன்னாடி வாங்கின காசுக்குக் கணக்கு எங்கே?" என்று கேட்டவர்கள். அது எனக்கு முந்தைய நிர்வாகம். ஆனால் கேட்டது நியாயம்தான். அன்றிலிருந்து மாதா மாதம் வரவு செலவை எழுதிப் பிள்ளையார் கோயில் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அந்த நாலில் இரண்டு பேர் கொண்டுவந்து கட்டினார்கள். மேலே சொன்ன 93இல் அவர்களும் அடக்கம். வந்தவர்களுக்கு வேண்டியது இந்தக் கதை. ரிப்பன் வெட்டுவது எல்லாருக்கும் தெரியும்.

மனுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குப்பையை அகற்றித் தரவும்" என்று எழுதிய முதல் இரண்டு மனு எங்கே போனதென்றே தெரியாது. மூன்றாவதில் மனைப்பிரிவு ஒப்புதல் எண், வரைபட நகல், "பூங்காவுக்கு ஒதுக்கிய பொது இடம்" என்ற சொல் எல்லாவற்றையும் சேர்த்தோம். அதற்கப்புறம்தான் கோப்பே தொடங்கியது. அதிலும் ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் தூங்கியது, அது வேறு கதை.

ஸ்டுடியோ தம்பிக்கு நியாயம் செய்ய இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எடுத்தது அத்தனையும் ஹார்ட் டிஸ்கில் கொடுத்தார். டிஸ்க் விலை எங்களுடையது. ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். திறப்பு விழா முடிந்து பத்து நாள் கழித்து, பூங்காவோடு சேர்த்து மழைத்தண்ணீர் வடியக் கட்டிய வாய்க்காலைத் தனியாக எடுக்க அவர் வந்த அன்று, கொத்தனார் வந்திருக்கிறார். கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாரோ என்னவோ, அது தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாலு நிமிடம். ஒரு வெட்டு கிடையாது.

அதில் கொத்தனார் எங்கள் வாய்க்காலில் நடந்த தப்பைச் செயலாளருக்குச் செய்தே காட்டுகிறார். வாய்க்கால் நீளம் 460 அடி. பத்தடிக்கு அரை அங்குலம் வாட்டம் என்று பேச்சு. ஆக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 23 அங்குலம் இறங்க வேண்டும். ஆனால் நடுவில் அறுபதடி தண்ணீர் ஓடாமல் நின்றது. நின்றது மட்டுமில்லை, திரும்பி வந்தது. இடித்துத் திரும்பக் கட்டினோம். 27,400 ரூபாய். ஒப்பந்தக்காரரும் நாங்களும் பாதிப் பாதி.

ஏன் வந்தது அந்தத் தப்பு? கொத்தனார் தண்ணி டியூபைத் தூக்கிக் காட்டுகிறார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்துச் சுவரில் சாக்பீஸ் கோடு போடுவார்கள். குழாயின் நடுவில், வளைவில், நெல்லிக்காய் அளவு காற்றுக் குமிழி. "இது உள்ள இருந்தா மட்டம் பொய் சொல்லும் சார். அன்னிக்குப் பையன் குமிழியைப் பாக்கல" என்கிறார். ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்து, குழாயை மெல்ல உயர்த்தித் தட்டுகிறார். குமிழி ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்து, விரலை எடுத்ததும் 'ப்ளக்'கென்று போகிறது. குழாயில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்குகிறது. பின்னால் யாரோ, "ஒரு குமிழிக்கு இருபத்தேழாயிரமா!" என்கிறார்கள். அது என் குரல் என்று பிறகுதான் தெரிந்தது.

37,000 ரூபாயில் எங்களுக்குக் கிடைத்த நல்ல நாலு நிமிடம் இதுதான். படத்தில் இதைச் சேருங்கள் என்று கேட்டேன். "மேடம், இது லேக் ஆகும். மியூசிக் போட முடியாது" என்றார். மியூசிக் வேண்டாம் தம்பி என்றேன். முணுமுணுத்துக்கொண்டே தனி வீடியோவாக வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இப்போது யார் வந்தாலும் முதலில் இதைத்தான் போடுகிறோம்.

இந்தப் பதிவு விஷயத்தில் கடலூருக்கு வெளியே எங்கும் போய்ப் படிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டைப் பக்கத்துக் கிராம மக்கள் 2004இலிருந்து நாற்றத்தை நோட்டில் எழுதி வந்தவர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்ன வாடை. அழுகிய முட்டைக்கோஸ் வாடை, நகப்பூச்சு வாடை என்று வாடைக்குப் பெயர் வைத்து எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ட்ரோன் இல்லை, ரோஜா இதழ் இல்லை. அந்த நோட்டும் வாளியும்தான் "உங்களுக்குச் சும்மா மூக்கு அரிக்குது" என்ற பேச்சை நிறுத்தின.

புதுச்சேரிக்கும் ஒருமுறை போய் வந்தோம், எங்கள் சங்கத்தார் பதினோரு பேர். தமிழர் பகுதியில் வைசியாள் வீதி. கல்வே சுப்பராய செட்டி வீதி என்றாலும் அதுவேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பழங்காலக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து வீட்டு முகப்புகளை மீட்டெடுத்த தெரு. 2008இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் விருது வாங்கியது. திண்ணையும் தெருப் பக்கத்துத் தாழ்வாரமும் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் நாம் இடித்துத் தள்ளியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. ஆனால் நான் அங்கே கவனித்தது வேறு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் தெருமுனையில் நின்று ஒரு போட்டோ எடுத்தார். பத்து வருடம் கழித்து இதே கல்லில் நின்று இன்னொன்று எடுத்தால் என்ன மாறியது என்று பார்த்த உடனே தெரியும். நாங்கள் இரண்டு வருடம் எடுத்த போட்டோ ஒன்றுகூட ஒரே இடத்தில் நின்று எடுத்தது இல்லை. திரும்பி வந்ததும் பூங்கா வாசல் தூணுக்கு எதிரே ஒரு கல்லில் மஞ்சள் பெயிண்டால் இரண்டு பாதம் வரைந்தோம். மாதம் பிறந்தால் முதல் ஞாயிறு அங்கே நின்று ஒரு படம்.

இனி டி.டி.பி. கடை. மஞ்சக்குப்பம் பக்கம், பத்துக்குப் பத்து அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், கூரை வரை கல்யாணப் பத்திரிகை அட்டை. அண்ணன் அங்கேயே டைப் செட் பண்ணி, அச்சுக்கு வெளியே கொடுத்து, நடுவில் பின் அடித்துத் தருகிறார். 48 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, ரேப்பர் மட்டும் கலர், 300 பிரதி. அடக்கம் 56 ரூபாய்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மொபைலில் தட்டி அனுப்பியதை அவருடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பெல்லாம் இடம் மாறிவிட்டது. முதல் ப்ரூஃபில் 'கெடிலம்' என்ற சொல்லை யாராலும் வாசிக்க முடியவில்லை. மூன்று ப்ரூஃப் பார்க்க வேண்டி வந்தது. போட்டோ அச்சில் கொஞ்சம் கருத்துப்போனது. கொத்தனாரும் வாய்க்கால் சுவரும் ஒரே நிறத்தில் இருக்கிறார்கள். கரண்ட் போனால் கடையும் போகும்.

ஆனால் அண்ணன் வாசிக்கிறார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஸ்டுடியோவில் யாரும் எங்கள் கதையைக் கேட்கவில்லை, காட்சியைத்தான் கேட்டார்கள். இவர் டைப் செட் பண்ணிக்கொண்டே நிறுத்தி, "ஜே.சி.பி. 26 மணி நேரம்னு போட்டிருக்கீங்க, மணிக்கு எவ்வளவுன்னு இல்லையேம்மா? படிக்கிறவன் கேப்பான்ல" என்றார். 1,200 என்று சேர்த்தோம். "மனுவைச் சுருக்கிப் போடாதீங்க, அப்படியே முழுசா போடுங்க. பேரை மாத்திட்டு ஜெராக்ஸ் எடுத்துக்குவாங்க" என்றார். போட்டோம். மூன்று மனுவையும் போட்டோம், பலிக்காத இரண்டையும் சேர்த்து.

சண்டை வந்தது இடித்துக் கட்டிய பக்கத்துக்கு. தலைவருக்கு அது புத்தகத்தில் வருவதில் இஷ்டமில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மரியாதையான மனிதர், அவர் இல்லாவிட்டால் கோப்பு நகர்ந்தே இருக்காது. "நம்ம வீட்டு அழுக்கை நாமளே ஊருக்குக் காட்டணுமா?" என்றார். நாலாவது குறுக்குத் தெருவிலிருந்து வந்திருந்த பெண்மணி, "அழுக்கை அள்ளினதுதானே சார் நம்ம கதையே?" என்றார். தலைவர் சிரித்துவிட்டார். பக்கம் 22, 23 அப்படி வந்தவை. குமிழியைக் கொத்தனார் மகள் பேனாவில் வரைந்து கொடுத்தாள், ஒன்பதாம் வகுப்பு. புத்தகத்தில் கருத்துப்போகாத ஒரே படம் அது.

அச்சுக்குப் போக இருந்த நேரத்தில்தான் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பின்னாடியே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. அண்ணனிடம் போன் பண்ணி, "நிறுத்துங்க, கடைசி அத்தியாயத்தை வானம் எழுதுது" என்றேன். கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அன்றைய மனநிலை அப்படி.

வாய்க்கால் சுவரில் அடிக்கு ஒரு கோடு பெயிண்ட் அடித்து வைத்திருந்தோம். குடை பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதினோம். பூங்காவில் வெட்டிய குட்டை டிசம்பர் 1 விடிவதற்குள் நிரம்பிவிட்டது. தெருக்களில் நின்ற தண்ணீர் மறுநாள் சாயங்காலத்துக்குள் வடிந்தது. கடைசித் தெருவில் மட்டும் வடியவில்லை. அங்கே இரண்டு நாள் கணுக்கால் அளவு நின்றது. அந்தத் தெரு வாய்க்காலை விடத் தாழ்வு, அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும், செய்யக் காசில்லை. இதை அப்படியே பக்கம் 46இல் போட்டிருக்கிறோம். கடைசித் தெருக்காரர்களும் 3,000 கட்டியவர்கள்தானே, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் முதலில் சட்டையைப் பிடிப்பது அவர்கள்தான்.

2025 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால், புத்தகம் கைக்கு வந்தது. விலை வைக்கவில்லை. கேட்டு வருபவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம், வாங்குகிறவர் எந்த நகர், என்ன பிரச்சினை என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருமண வீட்டில் தாம்பூலப் பையில் போடலாம் என்றார் ஒருவர், மறுத்துவிட்டோம்.

ஆக, ஸ்டுடியோவுக்கு ஐந்துக்கு இரண்டரை. அதில் ஒன்று அந்த டீ குடிக்கப் போன நாலு நிமிடத்துக்கு. நீங்கள் கூப்பிடுவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே கூப்பிடுங்கள். ஒரு நாள், அரை நாள் போதும், தோண்டுவதற்கு முதல் நாள், தோண்டும் நாள், தப்பு நடந்த நாள். திறப்பு விழாவை மொபைலிலேயே எடுத்துக்கொள்ளலாம். எடுத்தது எல்லாவற்றையும் டிஸ்கில் தரவேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். டெம்ப்ளேட்டை முதலில் காட்டச் சொல்லுங்கள். இதழ் இருக்கிறதா என்று பாருங்கள்.

டி.டி.பி. அண்ணனுக்கு நாலே கால். முக்கால் குறைத்தது போட்டோவுக்கும் கொம்புக்கும்.

போன மாதம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஐந்து பேர் வந்து மூன்று பிரதி வாங்கிப் போனார்கள். அங்கே நமக்கு நாமே கிடையாது, அது தமிழ்நாட்டுத் திட்டம். அதனால் 12 முதல் 17 வரை பக்கங்கள் அவர்களுக்குப் பயன்படாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். பரவாயில்லை, வாட்டம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே என்றார்கள். பத்து நாள் கழித்து அவர்களில் ஒரு பெண் போன் பண்ணினார். வங்கியில் வேலை பார்ப்பவராம்.

"அம்மா, பக்கம் 31இல் சில்லறைச் செலவு கூட்டல் 400 ரூபாய் உதைக்கிறதே?"

எடுத்துப் பார்த்தேன். உதைக்கத்தான் செய்கிறது. ஜே.சி.பி. டிரைவருக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணியை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். 31 வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள்! மூன்று ப்ரூஃப் பார்த்தும் கண்ணில் படவில்லை. அண்ணனிடம் ஓடினேன். ஒரு தாளில் எட்டு வருகிறமாதிரி திருத்தச் சீட்டு அடித்துக் கொடுத்தார், வெட்டி ஒட்டுவது என் வேலை. 90 ரூபாய். வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்து ரசீதும் வாங்கி வந்தேன்.